தரங்கம்பாடிக் கடிதங்கள்: செருமானியர் வினாவும் தமிழர் விடையும்

முன்னுரை

ஒரு நாட்டு மக்கள் தம் வாழ்வைப்பற்றித் தமக்காக எழுதிக்கொள்வது ஒருவகை. அயல்நாட்டார் ஒருவர் வினவ, அவர்க்கு விடையாக எழுதுவது மற்றொருவகை. முன்னதில் எல்லார்க்கும் தெரிந்த செய்தி இடம்பெறுவதில்லை. திண்ணைப் பள்ளியில் சிறுவர் எழுத்துப் பயிலும் முறையையோ, மணவீட்டில் நிகழும் சடங்குகளின் வரிசையையோ, நோயாளியின் நாடி பார்க்கும் மருத்துவன் செயலையோ ஒரு புலவர் தம் ஊரார்க்கு விளக்கிச் சொல்லவேண்டிய தேவையில்லை. ஆகவே, நம் பழைய நூல்களில் இத்தகைய செய்திகள் குறிப்பாகவே கிடைக்கின்றன. அயலார் வினவும்பொழுதுதான் தெரிந்ததே எழுதத் தகுந்ததாகின்றது.

இவ்வாறு அயலார் வினவத் தமிழர் விடையிறுத்த தொகுதிகளுள் காலத்தால் முற்பட்டதும் அளவால் பெரியதும் ஆகிய ஒன்று, 1712 முதல் 1714 வரை தரங்கம்பாடியில் செருமானியச் சமயத்தொண்டர்களுக்குத் தமிழர் எழுதிய 99 கடிதங்களின் தொகுதியாகும். ஐரோப்பிய ஆய்வாளர் இதனை 'மலபார்க் கடிதப் போக்குவரவு' என வழங்குவர். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை 'மலபாரிகள்' என்றும் தமிழை 'மலபார் மொழி' என்றும் குறித்தனர். எனவே, இப்பெயரைக் கொண்டு இக்கடிதங்கள் மேலைக் கடற்கரையைச் சார்ந்தவை என மயங்குதல் கூடாது. இவை சோழநாட்டுத் தமிழர் எழுதியவை.

இத்தொகுதியைப்பற்றி வரலாற்றாசிரியரும் சமய ஆராய்ச்சியாளரும் மிகுதியாக எழுதியுள்ளனர். தமிழ்த்துறை சார்ந்தோர் கேட்கவேண்டிய வினா அவர்தம் வினாவினின்றும் வேறானது. இக்கடிதங்களின் தமிழ்மூலம் இன்று கிடைக்கவில்லை. செருமானிய மொழிபெயர்ப்பே கிடைக்கின்றது. அங்ஙனமாயின், இவற்றை எந்த அளவிற்குத் தமிழர் கூற்றாகக் கொள்ளலாம்? இவ்வினாவினை முன்வைத்து, கடிதங்களின் வரலாற்றையும் பொருளையும் அவற்றை ஆராயும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

வினவியவர்

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் தென்மார்க்கு நாட்டு வணிகக் குழுவினர் தரங்கம்பாடியைப் பெற்றனர். அங்கு அவர்கள் எழுப்பிய கோட்டை தான்சுபர்க்கு எனப் பெயர்பெற்றது. தென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சமயத்தொண்டர் இருவர் 1706-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இவ்வூரை அடைந்தனர். அனுப்பியவர் தென்மார்க்கு மன்னரேனும் வந்தவர் இருவரும் செருமானியர். ஒருவர் சாக்சனி நாட்டுப் புல்சுனிட்சு என்னும் ஊரில் 1682-இல் பிறந்த பார்த்தலோமேயு சீகன்பால்கு. மற்றவர் என்றிக்கு புளுட்சோ. 1709-இல் யோவான் எர்ணசுட்டு குருண்ட்லர் என்பவர் வந்து சேர்ந்தார். இவர்கள் ஹாலே நகரில் பிராங்கே என்பார் நிறுவிய கல்வி நிலையங்களோடு தொடர்புடையவர்கள். அந்நிலையங்களுக்கே தம் அறிக்கைகளை விடுத்துவந்தனர்.

சீகன்பால்கு தமிழ் பயின்ற முறை ஈண்டுக் கருதத்தக்கது. முதியவராகிய பள்ளியாசிரியர் ஒருவர் தம் மாணாக்கரோடு அவர் இல்லத்திற்கே வந்து பள்ளி நடத்தினார். அச்சிறுவர்களோடு ஒருவராக அமர்ந்து, மணலில் விரலால் எழுதி, சீகன்பால்கு எழுத்தறிந்தார். வணிகக் குழுவின் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவர் பேச்சுமொழியைக் கற்பித்தார். செருமானிய ஏடுகள் அவரை 'அலேப்பா' எனக் குறிக்கின்றன. அழகப்பன் என்னும் பெயரே இவ்வாறு திரிந்தது என்பர். போர்த்துக்கேசிய மொழியும் வேறு சில ஐரோப்பிய மொழிகளும் அவர் அறிவார்.

எழுத்தறிந்த சீகன்பால்கு ஏடுகளைத் தேடத் தொடங்கினார். தம் எழுத்தர்களைப் பல நாள் வழிப்பயணமாக உள்நாட்டிற்கு அனுப்பி, கணவரை இழந்த அந்தணப் பெண்டிரிடமிருந்து சுவடிகளை விலைக்கு வாங்கினார். 1708-இல் அவர் எழுதிய நூற்பட்டியலில் தமிழ்ச் சமயங்களையும் இலக்கியத்தையும் சார்ந்த நூல்கள் மட்டும் 119 குறிக்கப்பெற்றுள்ளன. இப்பட்டியல் வில் சுவீட்மன், இரா. இலக்குவன் ஆகியோரால் 2012-இல் விரிவான குறிப்புக்களுடன் பதிப்பிக்கப்பெற்றது. 1708-ஆம் ஆண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றனையும் அவர் செருமானிய மொழியில் பெயர்த்தார். அதற்கு எழுதிய முன்னுரையில், ஐரோப்பியர் இம்மக்களை அறிவற்றோர் எனக் கருதுவது மொழியறியாமையால் விளைந்த பிழை என்னும் கருத்தைப் புலப்படுத்தினார்.

எனினும், சீகன்பால்கு தமிழரின் சமயத்தைப் போற்றியவர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. தமிழர் சமயத்தை 'அக்கியானம்' எனப் பழித்து அவர் எழுதிய சிறுநூல் 1713-இல் தரங்கம்பாடி அச்சகத்தில் வெளிவந்தது. ஒருவரே ஒரு சமுதாயத்தை ஆர்வத்தோடு கற்றவராகவும் அதன் நம்பிக்கையை மாற்ற வந்தவராகவும் இருந்தார். இவ்விரு நோக்கங்களும் பின்னிப்பிணைந்தே கடிதங்களின் வினாக்களில் இடம்பெறுகின்றன. ஒன்றைமட்டும் காண்போர் அவரை முழுதும் புகழ்வர், அல்லது முழுதும் இகழ்வர்.

கடிதங்களின் வரலாறு

1712-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சீகன்பால்குவும் குருண்ட்லரும் தரங்கம்பாடியிலும் தஞ்சை அரசின் பிற ஊர்களிலும் வாழ்ந்த கற்றோர்க்கு வினாக்களை எழுதி விடுக்கத் தொடங்கினர். ஐரோப்பாவிலிருந்து நண்பர்கள் கேட்டெழுதிய செய்திகளும் அவ்வினாக்களுள் அடங்கும். வந்த விடைகளைச் செருமானிய மொழியில் பெயர்த்து, வேண்டிய இடங்களில் அடிக்குறிப்பு இட்டு, ஹாலேக்கு அனுப்பினர். அங்கு 1710 முதல் வெளிவந்துகொண்டிருந்த அறிக்கைத் தொடரில் 55 கடிதங்கள் 1714-இலும், எஞ்சிய 44 கடிதங்கள் 1717-இலும் அச்சேறின. சீகன்பால்கு 1714-ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பாவிற்குப் புறப்பட்டு 1716-இல் மீண்டார். ஆதலின், இரண்டாம் பகுதியில் குருண்ட்லரின் கையே மிகுதி.

முதற்பகுதியிலிருந்து தேர்ந்தெடுத்தவற்றை யெங்கின் தாமசு பிலிப்சு என்பவர் ஆங்கிலத்தில் பெயர்த்து 1717-இல் இலண்டனில் வெளியிட்டார். கடிதங்களையன்றி, சீகன்பால்கு தமிழரோடு நேரில் நிகழ்த்திய உரையாடல்களின் பதிவுகளும் ஹாலேயில் அச்சிடப்பெற்றன. அவற்றுள் 34 உரையாடல்களைப் பிலிப்சே 1719-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்னர் நெடுங்காலம் இவை மறக்கப்பட்டன. 1998-இல் குர்த்து லீபாவு என்பவர் கடிதங்களுள் ஒரு தேர்ந்த தொகுதியைச் செருமானியத்தில் மீண்டும் பதிப்பித்தார். தானியேல் செயராசு, இரிச்சர்டு பாக்சு யங்கு ஆகிய இருவரும் 2013-இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஆய்வுரையும் வெளியிட்டனர்.

காலம் என்னும் நோக்கில் இக்கடிதங்களின் சிறப்பை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736-இல் தொடங்குகின்றது. 18-ஆம் நூற்றாண்டுத் தமிழர் வாழ்வைத் தமிழர் ஒருவரே உரைநடையில் காட்டும் பெருநூலாக நாம் அதனைப் போற்றுகின்றோம். தரங்கம்பாடிக் கடிதங்கள் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவை. பிள்ளையின் நாட்குறிப்பு தமிழில் நின்றது. இக்கடிதங்களோ தமிழில் நில்லாது செருமானியத்தில் நின்றன. இவ்வேறுபாடே அவை நம் உரைநடை வரலாற்று நூல்களில் உரிய இடம் பெறாமைக்குக் காரணம் எனலாம்.

கடிதங்கள் கூறுவன

கடிதங்களின் பொருளை இரு கூறாகப் பகுத்துக் காணலாம். கடவுள், படைப்பு, வினை, மறுபிறப்பு, வீடுபேறு, நோன்பு, வழிபாடு ஆகியவை ஒரு கூறு. கல்வி, மருத்துவம், வானநூல், உழவு, கைத்தொழில், வணிகம், திருமணம், ஈமக்கடன், சொத்துரிமை, கணவனோடு மனைவி எரிபுகும் வழக்கம் ஆகியவை மற்றொரு கூறு. சமயத்தொண்டர் முதற்கூற்றை அறிவதற்கே பெரிதும் விரும்பினர். இன்றைய ஆய்வாளர்க்கு இரண்டாம் கூறும் அதனை ஒத்த பயன் தருவதாகும்.

சமயம்பற்றிய விடைகளில் ஒரு பொதுப்போக்குப் புலனாகின்றது. தமிழ் விடையாளர் பிறர் சமயத்தைப் பொய்யென்று கூறுவதில்லை. அவரவர் நாட்டிற்கும் குலத்திற்கும் உரிய நெறி இறைவனால் அமைந்தது. அந்நெறியில் நின்று அறம் செய்வோர் நற்கதி அடைவர். ஆதலின், ஒரு நெறியை விட்டு மற்றொரு நெறிக்குப் புகவேண்டுவதில்லை என்பது அவர்தம் கருத்து. ஒரே நெறியே உண்மை எனக் கொண்ட செருமானியர்க்கு இவ்விடை விளங்குதற்கு அரிதாக இருந்தது. வினவியவர் 'எது மெய்?' என்று கேட்க, விடையாளர் 'எவர்க்கு எது உரியது?' என்னும் வினாவிற்கு விடை கூறினர். இருவரும் ஒரே பொருளைப்பற்றிப் பேசியதாகத் தோன்றினும் அவர்தம் வினாக்கள் வேறாகவே நின்றன.

கிறித்தவ சமயத்தைத் தமிழர் ஏற்கத் தயங்குவது ஏன் என்னும் வினாவிற்கு வந்த விடை மிக வெளிப்படையானது. ஐரோப்பியர் ஆவைக் கொன்று உண்கின்றனர்; கள்ளும் சாராயமும் அருந்துகின்றனர்; கழிப்பிடம் சென்று வந்தபின் நீரால் தூய்மை செய்துகொள்வதில்லை; இறந்தோர்க்கு உரிய கடன்களைச் செய்வதில்லை; திருமணத்தைச் சிறப்பின்றி முடிக்கின்றனர் என்னும் குறைகள் அடுக்கிக் கூறப்பெறுகின்றன. கோட்பாட்டின்மேல் தடை எழுப்பியதைவிட ஒழுகலாற்றின்மேல் தடை எழுப்பியதே மிகுதி. உயர்ந்த நெறி என்பது அதனைப் பின்பற்றுவோர் உடலிலும் உணவிலும் நடையிலும் வெளிப்படவேண்டும் என்பது இவ்விடைக்கு அடிப்படை. ஒழுக்கத்தைச் சமயத்தினின்றும் பிரித்துக் காணாத ஒரு மரபு இங்கே பேசுகின்றது.

இவ்விடை ஐரோப்பாவில் அச்சேறியது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. குடியேறிய ஐரோப்பியரின் தீயொழுக்கமே தம் தொண்டிற்குத் தடை எனச் சீகன்பால்குவும் குறைகூறி வந்தார். வணிகக் குழுவின் தலைவரோடு மாறுபட்டு 1708-1709-இல் நான்கு திங்கள் கோட்டையில் சிறைப்பட்டிருந்தவர் அவர். ஆகவே, தமிழரின் குற்றச்சாட்டு அவர்க்கும் பயன்பட்டது. விடையாளர் தம் கருத்தை உரைத்தனர். வினவியவர் அதனைத் தம் வழக்கிற்குச் சான்றாக்கிக்கொண்டனர். ஒரு கூற்று எவ்வாறு அச்சேறியது என்பதை ஆராயும்பொழுது அதனை அச்சிட்டோர்க்கு அதனால் விளைந்த பயனையும் ஆராய்தல் வேண்டும்.

எழுதியவர் யார்?

அச்சிட்ட பதிப்பில் கடிதம் எழுதியோரின் பெயர்கள் கொடுக்கப்பெறவில்லை. அயலார்க்குத் தம் சமயச் செய்திகளை வெளியிட்டமையால் எழுதியோர்க்கு இடையூறு நேராமற் காக்கும் கருத்து இதற்குக் காரணமாக இருந்திருத்தல் கூடும். காரணம் எதுவாயினும், விளைவு ஒன்றே. வினவியவர் பெயர் உலகறிந்தது. விடையளித்தவர் பெயர் மறைந்தது.

கடிதங்களுட் பல அழகப்பன் எழுதியவையாக இருக்கலாம் எனக் குர்த்து லீபாவு முதலியோர் கருதுவர். இக்கருத்து ஏற்கப்படின் தொகுதியின் மதிப்பு வேறொரு வகையில் மாறும். 99 கடிதங்களைப் பலருடைய கருத்துக்களின் திரட்டு எனக் கொள்வதும், அவற்றுட் பெரும்பகுதியை ஒருவருடைய சிந்தனை எனக் கொள்வதும் வேறு வேறு. முன்னதாயின், 'தமிழர் இவ்வாறு கருதினர்' எனப் பொதுப்படக் கூறுதற்குச் சிறிது இடமுண்டு. பின்னதாயின், ஐரோப்பிய மொழிகளை அறிந்து, ஐரோப்பியரோடு நெடுநாட் பழகி, அவர்தம் வினாக்களின் உள்நோக்கம் உணர்ந்த ஓர் அறிஞரின் எழுத்தாக அப்பகுதி அமையும். அப்பொழுது அவரைத் 'தகவல் தந்தவர்' என்று குறிப்பது போதாது. நூலாசிரியர் என்றே குறிக்கவேண்டும்.

மற்றொன்றும் கூறவேண்டும். இக்கடிதங்கள் கற்றோர் எழுதியவை. வினாக்களுள் பல பெண்டிர் வாழ்வைப்பற்றியவை; விடையளித்தோரோ ஆடவர். எரிபுகும் வழக்கத்தைப்பற்றி எழுதப்பெற்றது உண்டு. எரிபுகவேண்டிய நிலையில் இருந்தவள் கூற்று இல்லை. உழவைப்பற்றி எழுதப்பெற்றது உண்டு. சேற்றில் நின்று நாற்று நட்டோர் கூற்று இல்லை. ஆகவே, 'தமிழர் சமுதாயம் தன்னைப்பற்றிக் கூறியது' என இத்தொகுதியைப் பொதுவாகப் புகழ்தல் மிகைபடக் கூறலாகும்.

மூன்று திரைகள்

தமிழ்மூலத்திற்கும் நமக்கும் இடையில் மூன்று திரைகள் உள்ளன. முதலாவது, வினா. எதைப்பற்றி எழுதவேண்டும் என்பதை விடையாளர் தாமே தேர்ந்துகொள்ளவில்லை. இரண்டாவது, மொழிபெயர்ப்பு. மூன்றாவது, ஹாலேயில் நிகழ்ந்த பதிப்பு வேலை. இவற்றுள் மொழிபெயர்ப்பே மொழியாராய்ச்சி வல்லார்க்கு உரிய பகுதி. சில எடுத்துக்காட்டுக்களைக் காண்போம்.

கடிதங்களில் 'சட்டம்' எனப் பொருள்படும் செருமானியச் சொல் சமயத்தைக் குறிக்கப் பயில்கின்றது. 'உங்கள் சட்டம்', 'எங்கள் சட்டம்' என்றாற்போல வருமிடங்களில் தமிழ் விடையாளர் எச்சொல்லை எழுதியிருப்பார்? வேதம், மார்க்கம், சமயம் என்னும் மூன்றும் பொருந்தக்கூடியவை. அக்காலக் கிறித்தவத் தமிழில் 'வேதம்' என்பது சமயம் என்னும் பொருளில் பெருவழக்காக இருந்தது. சைவர் ஒருவர் 'வேதம்' என்று எழுதியிருப்பின் அது நான்மறையைச் சுட்டியதா, பொதுவாக நெறியைச் சுட்டியதா என்னும் ஐயம் எழும். 'சமயம்' என்று எழுதியிருப்பின் அது அறுவகைச் சமயங்களுள் ஒன்றாகத் தம் நெறியைக் காணும் நோக்கினைக் காட்டும். செருமானியச் சொல் ஒன்றே. அதன்பின் நிற்கும் தமிழ்க் கருத்துக்கள் மூன்று.

'பாவம்' என நாம் இன்று எளிதாகப் பெயர்க்கும் செருமானியச் சொல்லும் இவ்வாறே. மூலத்தில் அது பாவமாகவும் வினையாகவும் குற்றமாகவும் இருந்திருக்கலாம். பாவம் என்பது செய்தவனைக் கடவுள் முன்னிலையில் நிறுத்துவது. வினை என்பது செய்தவனைத் தொடர்ந்து வந்து பிறவிதோறும் பயன் தருவது. குற்றம் என்பது ஊரார் முன்னிலையில் நிறுத்துவது. மூன்றனையும் ஒரு சொல்லால் பெயர்த்தபொழுது வினைக்கொள்கை மறைந்து, கிறித்தவ சமயத்துப் பாவக்கொள்கையின் மங்கிய நிழலாகத் தமிழர் கருத்துத் தோன்றலாயிற்று.

'நற்செயல்கள்' என்னும் தொடர் இன்னும் நுட்பமானது. மனிதன் மீட்பு அடைவது நம்பிக்கையாலேயன்றித் தன் நற்செயல்களால் அன்று என்பது லூத்தர் நெறியின் உயிர்நிலை. உரோமச் சமயத்தாரோடு அந்நெறியினர் நெடுங்காலம் வழக்கிட்ட பொருள் இது. தமிழ் விடையாளர் தருமம் என்றோ புண்ணியம் என்றோ அறம் என்றோ எழுதியது செருமானியத்தில் 'நற்செயல்கள்' ஆனவுடன் அவ்வழக்கின் ஒரு கட்சியில் அவரை அறியாமலே அவர் நிறுத்தப்படுகின்றார். தண்ணீர்ப் பந்தலும் அன்னசத்திரமும் அமைத்தல் அறம் என்று எண்ணிய ஒருவர், தாம் கேட்டறியாத ஐரோப்பியச் சமய வழக்கொன்றில் எதிர்க்கட்சியினராகிவிடுகின்றார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று திரித்தனர் எனக் கூறுதற்கில்லை. கேட்கும் செவிக்குத் தன் மொழியில் பழகிய ஓசையே முதலில் விழும்.

மீட்கும் வழி

மூலத்தை மீட்டல் இயலாது. ஆயினும், மூலத்தை நெருங்குதல் இயலும். அதற்கு நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, மொழிபெயர்க்கப்படாமல் விடப்பட்ட தமிழ்ச் சொற்களைத் தொகுத்தல். பராபரவஸ்து முதலிய சொற்கள் செருமானிய எழுத்தில் அப்படியே எழுதப்பெற்றுள்ளன. அயல் எழுத்தில் அமைந்த அவ்வடிவங்கள் அக்காலத் தரங்கம்பாடிப் பேச்சின் ஒலிப்பையும் காட்டுகின்றன. இது பேச்சுமொழி வரலாற்றிற்கும் ஒரு சான்றாகும்.

இரண்டாவது, சீகன்பால்குவின் பிற நூல்களோடு ஒப்பிடுதல். 1711-இல் தமிழர் சமயத்தைப்பற்றியும் 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் மரபுவழியைப்பற்றியும் அவர் இரு பெருநூல்கள் எழுதினார். முன்னது 1926-இல் காலந்து என்பவராலும் பின்னது 1867-இல் கெர்மன் என்பவராலும் பதிப்பிக்கப்பெற்றன. அவர் வாழ்ந்த காலத்தில் இரண்டும் அச்சேறவில்லை. தெய்வ மரபு நூலில் தமிழர் கடிதங்களிலிருந்து பல பகுதிகள் எடுத்தாளப்பெற்றுள்ளன. அயலார் நூல்கள் பெரிதும் புறக்கணித்த ஊர்த்தெய்வங்களாகிய ஐயனார், மாரியம்மை, எல்லம்மை, அங்காளம்மை, பிடாரி ஆகியோர்க்கு அந்நூலில் தனிப்பகுதி உண்டு.

மூன்றாவது, சீகன்பால்கு எழுதிய தமிழை ஆராய்தல். 1714-1715-இல் தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாட்டில் ஒரு கிரேக்கச் சொல்லுக்கு அவர் எத்தமிழ்ச்சொல்லை வழங்கினார் என அறியலாம். அதே கருத்திற்குக் கடிதங்களில் வரும் செருமானியச் சொல்லை அதனோடு இணைத்துப் பார்ப்பின், அவர் உள்ளத்தில் இருந்த தமிழ்-செருமானிய இணைச்சொற் பட்டியல் ஒன்று உருவாகும். 1716-இல் ஹாலேயில் இலத்தீன் மொழியில் அச்சான அவருடைய தமிழ் இலக்கணமும் இதற்குத் துணைசெய்யும். அவ்வேளையில் அவருடன் ஐரோப்பா சென்ற மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் அப்பணியில் உதவினார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

நான்காவது, கடிதத்தையும் அடிக்குறிப்பையும் கண்டிப்பாகப் பிரித்தல். அடிக்குறிப்புக்கள் சமயத்தொண்டர் எழுதியவை. சில ஆய்வுகளில் அடிக்குறிப்புச் செய்தியும் கடிதச் செய்தியாக எடுத்தாளப்படுவதுண்டு. ஆய்வு மாணவர் மேற்கோள் காட்டும்பொழுது இவ்விரண்டனையும் வேறுபடுத்திக் காட்டுதல் வேண்டும்.

இந்நான்கு வழிகளாலும் ஒரு கடிதத்தைத் தமிழில் பெயர்க்கப் புகுவோர், ஐயம் உள்ள இடத்தில் ஒரே சொல்லைத் துணிந்து எழுதுவதைவிட, பொருந்தும் சொற்கள் அனைத்தையும் குறிப்பில் தருதல் நலம். 18-ஆம் நூற்றாண்டுத் தமிழ்நடையைப் போலச் செய்து எழுதுதல் முற்றும் தவிர்க்கத்தக்கது. அது படிப்போரை இதுவே மூலம் என மயங்கச் செய்யும்.

உத்திரமேரூர்க் கல்லும் தரங்கம்பாடித் தாளும்

தமிழரைப்பற்றிச் செருமானியர் அறிய முயன்ற வரலாறு சீகன்பால்குவோடு முடியவில்லை. லைப்சிக்கு நகரத்துத் தொண்டுநிலையத் தலைவராகிய கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை இந்தியப் பயணம் மேற்கொண்டு, திருக்குறளைச் செருமானிய மொழியில் 1856-இல் வெளியிட்டார். அவருடைய இலத்தீன் மொழிபெயர்ப்பு அவர் மறைவிற்குப்பின் 1865-இல் வெளிவந்தது. கிரவுல் நூலைக் கற்றார். சீகன்பால்கு நூலோடு ஆளையும் வினவினார். திரசுடன் நகரிற் பிறந்த ஹுல்ச் கல்லைக் கற்றார். 1886 முதல் 1903 வரை அவர் சென்னையில் அரசின் கல்வெட்டறிஞராகப் பணியாற்றினார். உத்திரமேரூரில் உள்ள முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள் 1898-இல் படியெடுக்கப்பெற்றபொழுது அத்துறைக்குத் தலைவர் அவரே. அவற்றை வெங்கையா விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்.

அக்கல்வெட்டுக்களைத் தரங்கம்பாடிக் கடிதங்களோடு ஒருங்குவைத்து எண்ணுதல் பயனுடையது. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்த அவ்விரு கல்வெட்டுக்களும், 30 குடும்புகளிலிருந்து குடவோலையால் வாரியத்தாரைத் தேரும் முறையை வகுத்துரைப்பவை. ஊர்ச்சபையார் தமக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. அயலார் எவர் வினாவிற்கும் விடையன்று. அதனால், குடும்பு என்பது யாது, வாரியம் என்பது யாது என அக்கல்வெட்டு விளக்கிக் கூறவில்லை. அறிந்தோர் அறிந்தோர்க்கு எழுதிய எழுத்து அது. கடிதங்களோ எதனையும் விளக்குகின்றன. கல்வெட்டில் தன்னுணர்வு மிகுதி, விளக்கம் குறைவு. கடிதத்தில் விளக்கம் மிகுதி, தன்னுணர்வு மொழிபெயர்ப்பிற்குள் மறைந்தது. ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதுவோர்க்கு இருவகைச் சான்றும் வேண்டும்.

மற்றொரு வேறுபாடு நம் சிந்தனைக்கு உரியது. சபையார் பணிக்க அவ்வேற்பாட்டை எழுதிய மத்தியத்தன், தன் பெயரைக் கல்லில் பொறித்துள்ளான். அவன் காடாடிப் போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப்பின்னும் எழுதியவன் பெயரை நாம் அறிகின்றோம். அதற்கு எண்ணூறு ஆண்டுகள் பிற்பட்ட கடிதங்களை எழுதியோர் பெயரை அறிகின்றோமில்லை.

இக்குறை 18-ஆம் நூற்றாண்டோடு ஒழிந்தது என்று கூறுதற்கில்லை. இன்று நாட்டார் வழக்காறுகளை ஆராயும் முதுகலை, முனைவர்பட்ட மாணவர்கள் உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கம் போன்ற ஊர்களுக்கு வினாப்பட்டியலோடு செல்கின்றனர். ஏர்த்தொழிற் சொற்களையும் ஊர்த்தெய்வக் கதைகளையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் திரட்டுகின்றனர். சொன்னவர் பெரும்பாலும் 'தகவலாளர்' என்னும் பட்டியலில் வயதும் தொழிலும் மட்டுமாக நிற்கின்றார், கருத்து மாணவருடையதாகின்றது. அவர் சொன்ன சொல் ஆய்வேட்டின் பொதுநடைக்கு மாற்றப்படுகின்றது. ஊர்வழக்கில் ஒரு மூதாட்டி சொன்ன சொல்லை நூல்வழக்கிற்கு மாற்றும்பொழுது நிகழ்வதும் ஒருவகை மொழிபெயர்ப்பே. சீகன்பால்குவின் செவியில் தருமம் நற்செயலாக விழுந்ததுபோல, நம் செவியில் அம்மூதாட்டியின் சொல் பாடநூற் கலைச்சொல்லாக விழுதல் கூடும்.

ஆதலின், களஆய்வில் மூன்று நெறிகள் கைக்கொள்ளத்தக்கன. சொன்னவர் இசைவின் பெயரில் அவர் பெயரை, நூலாசிரியர் பெயரைக் குறிப்பதுபோலவே, கருத்து வருமிடத்தில் குறித்தல். இசையாதவிடத்து மறைத்தமையைக் காரணத்தோடு கூறுதல் முதலாவது. வினாவினையும் விடையோடு சேர்த்துப் பதிப்பித்தல் இரண்டாவது. வினா தெரியாமல் விடையின் அளவு தெரியாது. சொன்ன சொல்லைச் சொன்னவாறே முதலில் எழுதி, விளக்கத்தைத் தனியே எழுதுதல் மூன்றாவது. தரங்கம்பாடிக் கடிதங்களில் இம்மூன்றும் பின்பற்றப்பெற்றிருப்பின் இன்று நாம் இத்துணை ஐயங்களுக்கு ஆட்பட்டிரோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். 1712-1714 காலத்துத் தரங்கம்பாடிக் கடிதங்கள், தமிழர் தம் சமயத்தையும் சமுதாயத்தையும் அயலார்க்கு விளக்கிய உரைநடைத் தொகுதியாகும். அவை வினா, மொழிபெயர்ப்பு, பதிப்பு என்னும் மூன்று திரைகளுக்கு அப்பால் நிற்கின்றன. அவற்றைத் தமிழர் கூற்றாக முழுதும் ஏற்றலும் பொருந்தாது; செருமானியர் புனைவாக முழுதும் தள்ளலும் பொருந்தாது. சொல்தோறும் ஆராய்ந்து, எத்திரை எவ்விடத்தில் தடிப்பாக உள்ளது எனக் காண்பதே செய்யத்தக்கது. அவ்வாறு செய்தற்குச் செருமானிய மொழியறிவும் 18-ஆம் நூற்றாண்டுத் தமிழறிவும் ஒருங்கே வேண்டும்.

ஐரோப்பாவில் இப்பணியை மேற்கொண்டோர் பெரும்பாலும் சமய வரலாற்றுத் துறையினர். தருமத்திற்கும் அறத்திற்கும், வினைக்கும் பாவத்திற்கும், வேதத்திற்கும் சமயத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்நூல்களின் வழக்கிலிருந்து எடுத்துக்காட்டுதல் தமிழ்த்துறைகள் ஆற்றவேண்டிய பகுதி. முதுகலை மாணவர் சிலர் செருமானியம் பயின்று, ஆளுக்குச் சில கடிதங்களை எடுத்துக்கொண்டு, முற்கூறிய நான்கு வழிகளாலும் ஆராய முற்படுவாராயின், 99 கடிதங்களையும் சில ஆண்டுகளில் குறிப்புரையுடன் தமிழில் கொண்டுவருதல் இயலும். பெயர் இழந்த அவ்வெழுத்தாளர்களுக்கு அவர்தம் சொற்களையேனும் இயன்றவரை திரும்ப அளித்தல் அதனால் கைகூடும்.